டேப்பா, ஸ்பேஸா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வழக்கைச் சுற்றியவை. திறந்த மூலத் திட்டத்தில், அதாவது யாரும் படித்துத் திருத்தக்கூடிய நிரலில், வரியின் தொடக்கத்தை டேப் போட்டு உள்ளே தள்ளுவதா, ஸ்பேஸ் போட்டுத் தள்ளுவதா? கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு வாசகர்: தக்காளி மண்டியின் தினசரி விலையைப் பதிந்து வரைபடமாகக் காட்டும் ஒரு நிரலை மூன்று பேர் சேர்ந்து பைத்தான் மொழியில் எழுதுகிறோம். நண்பரின் கோப்பில் நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன். ‘டேப் எரர்’ என்று நின்றுவிட்டது. என் திரையில் எல்லா வரிகளும் நூல் பிடித்ததுபோல் ஒரே நேரில்தான் இருக்கின்றன. பிழை எங்கே?

திரையை நம்பியதில். டேப்பும் ஸ்பேஸும் கண்ணுக்கு ஒரே வெற்றிடம். கோப்புக்குள் அவை இரண்டு வேறு எழுத்துகள். எழுத்துக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் டேப்பின் எண் 9, ஸ்பேஸின் எண் 32. ஸ்பேஸுக்கு ஒரு எழுத்து அகலம் உண்டு. டேப்புக்குத் தனக்கென்று அகலமே கிடையாது. குறித்த நிறுத்தத்தில் மட்டும் நிற்கும் பேருந்து மாதிரி அது. தர்மபுரியில் ஏறினாலும் சரி, வழியில் காரிமங்கலத்தில் ஏறினாலும் சரி, இறக்கிவிடுவது கிருஷ்ணகிரியில்தான். நிறுத்தம் 4 எழுத்துக்கு ஒன்று என்று, நிரல் எழுதும் செயலியான எடிட்டரில் வைத்திருந்தால், ஒரு டேப்பும் 4 ஸ்பேஸும் ஒரே இடத்தில் போய் நிற்கும். 3 ஸ்பேஸ் போட்டு ஒரு டேப் அடித்தாலும் அதே இடம்தான். உங்கள் திரையில் நடப்பது இதுதான்.

பைத்தான் 3 உங்கள் எடிட்டரின் அகலத்தைக் கேட்பதில்லை. ஒவ்வொரு வரியின் உள்தள்ளலையும் இரண்டு விதமாக எண்ணுகிறது: டேப் நிறுத்தம் 8 எழுத்துக்கு ஒன்று என்று ஒரு தடவை, டேப்புக்கு 1 என்று இன்னொரு தடவை. நண்பர் 4 ஸ்பேஸ் போட்டிருக்கிறார், நீங்கள் ஒரு டேப் போட்டிருக்கிறீர்கள். 8 என்று எண்ணினால் உங்கள் வரி அவருடையதைவிட உள்ளே போகிறது. 1 என்று எண்ணினால் வெளியே வருகிறது. இரண்டு கணக்கும் முரண்படுவதால் ஓட மறுக்கிறது. மறுப்பது நல்லதற்குத்தான். பைத்தான் 2 இந்த முரணைக் கவனிக்காது. டேப்பை 8 என்றே எடுத்துக்கொண்டு, முதல் அடுக்கில் இருப்பதாக நீங்கள் நினைக்கும் வரியை இரண்டாம் அடுக்கில் சேர்த்து ஓட்டிவிடும். கூட்டுத்தொகை சுழற்சிக்கு வெளியே ஒரு முறை அச்சாக வேண்டியது, உள்ளே நூறு முறை அச்சாகும். பிழைச் செய்தியே வராது.

எந்த வரி என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள். எடிட்டரில் வெற்றிடங்களைக் காட்டும் வசதியைப் போட்டால் டேப் அம்புக்குறியாகவும் ஸ்பேஸ் புள்ளியாகவும் தெரியும். லினக்ஸ் முனையத்தில் ‘கேட்’ கட்டளையுடன் பெரிய ‘ஏ’ சேர்த்துக் கோப்பைத் திறந்தால் டேப் ‘^ஐ’ என்றும், வரி முடிவு ‘$’ என்றும் வரும். மூன்றாவது, பைத்தானோடு வரும் ‘டேப்நானி’. ‘பைத்தான் -எம் டேப்நானி’ என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் வரி எண்ணையே சொல்லிவிடும்.

திருத்தும் முன், டேப் போட்டவர் எந்த அகலத்தில் பார்த்துக்கொண்டு எழுதினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் 8 வைத்து எழுதியதை நீங்கள் 4 வைத்து ஸ்பேஸாக்கினால், கலந்து கிடக்கும் வரிகளில் அடுக்கே மாறிப்போகும். அகலம் தெரிந்தபின் ‘எக்ஸ்பேண்ட் -ஐ -டி 4’ என்ற கட்டளை வேலையை முடிக்கும். அந்த ‘-ஐ’ முக்கியம்: வரித் தொடக்கத்து டேப்பை மட்டும் மாற்றச் சொல்வது அதுதான். வெளியீட்டை வேறு பெயருள்ள கோப்புக்கு அனுப்புங்கள். அதே கோப்புக்கே திருப்பிவிட்டால், கட்டளை படிக்கத் தொடங்கும் முன்பே, கட்டளைகளை ஏற்று ஓட்டும் ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். மிஞ்சுவது பூஜ்ஜியம் பைட்.

ஓசூர் வாசகி: எங்கள் திட்டத்தில் இரண்டு வாரமாக இதே சண்டை. உண்மையிலேயே எது சிறந்தது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்குவோம். ஸ்பேஸ் கட்சிக்காரர் யாரும் ஸ்பேஸ் பாரை நான்கு முறை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. டேப் விசையை அழுத்தினால் 4 ஸ்பேஸ் விழும்படி எடிட்டரில் வைத்திருக்கிறார்கள். எந்த விசையை அழுத்துகிறோம் என்பதில் தகராறே இல்லை. கோப்பில் எந்த எழுத்து போய் உட்காருகிறது என்பதில்தான்.

பெரிய திட்டங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் டேப். அதுவும் 8 எழுத்து அகலம். மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போனால் உன் நிரலைத் திருத்து என்கிறது அதன் நடை ஆவணம். அகலமான உள்தள்ளலே அங்கே ஒரு எச்சரிக்கை மணி. கோ மொழியும் டேப்தான். அந்த மொழியோடு வரும் ‘கோஃப்எம்டி’ கருவியே எல்லாவற்றையும் அடுக்கிவிடும் என்பதால் அங்கே வாதத்துக்கு இடமில்லை. பைத்தானின் நடை வழிகாட்டியான ‘பெப் 8’ 4 ஸ்பேஸ் என்கிறது. ரூபி எழுதுபவர்களின் வழக்கம் 2 ஸ்பேஸ். பிஎச்பி மொழியில் ‘பிஎஸ்ஆர்-12’ என்ற நடை விதி 4 ஸ்பேஸ் என்கிறது. அதே பிஎச்பியில் எழுதப்படும் வேர்ட்பிரஸ் டேப் என்கிறது. ஒரே மொழிக்குள் இரண்டும் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒன்று அறிவியல்படி சரி, மற்றது தப்பு என்று யாராவது சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளலாம்.

டேப்புக்கு வலுவான வாதம், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுடையது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர் டேப்பின் அகலத்தை 2 அல்லது 1 என்று தன் திரையில் மட்டும் குறைத்துக்கொள்ள முடியும். பிரெய்ல் காட்சிப் பட்டையில் ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு கட்டத்தைத் தின்னும். 40 கட்டம் உள்ள பட்டையில் மூன்றாம் அடுக்கு வரி 4 ஸ்பேஸ் கணக்கில் 12 கட்டங்களை வெறுமையாக விழுங்கிவிடும். டேப்பைக் கட்டத்துக்கு ஒன்றாகக் காட்டினால் மூன்றோடு முடிந்தது. ‘எனக்குப் பழக்கம்’ என்ற காரணத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஸ்பேஸுக்கு வலுவான வாதம், எங்கே திறந்தாலும் ஒரே தோற்றம் என்பது. முனையத்திலும் உலாவியிலும் டேப் பெரும்பாலும் 8 ஆக விரியும். எடிட்டரில் 4 ஆகப் பார்த்து அழகாக அடுக்கியது அங்கே கோணிக்கொள்ளும். கோணுவது உள்தள்ளல் இல்லை, நேர்ப்படுத்தல்: அழைப்பின் அடைப்புக்குறிக்குக் கீழே அடுத்த வரி மதிப்புகளை நேராக வைக்கிறோமே, அது. ‘உள்தள்ள டேப், நேர்ப்படுத்த ஸ்பேஸ்’ என்று ஒரு சமரச விதி உண்டு. கருவி செய்தால் அது ஒழுங்காக நடக்கும், கையால் செய்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. டேப் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எளிய வழி, நேர்ப்படுத்துவதையே விட்டுவிடுவது. அடைப்புக்குறியைத் திறந்ததும் வரியை உடைத்து, மதிப்புகளை அடுத்த வரியில் ஓர் அடுக்கு உள்ளே போடுங்கள். அகலம் எதுவானாலும் குலையாது.

டேப் திட்டத்தில் இன்னொன்றும் எழுதி வைக்க வேண்டும். வரி நீளம் 80க்கு மேல் போகக்கூடாது என்று விதி இருந்தால், டேப்பை எத்தனையாக எண்ணுவது? அதைச் சொல்லாத விதி விதியே இல்லை.

உங்கள் சண்டைக்குத் தீர்ப்பு: மொழியோடு வரும் கருவியோ பரவலான வழக்கமோ இருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். இல்லையென்றால் ரெப்போவில் (திட்டத்தின் கோப்புக் கிடங்கில்) இப்போது எது அதிகமாக இருக்கிறதோ அதுவே விதி. புத்தம் புதிய திட்டம், வழக்கமும் இல்லை என்றால், பிரெய்ல் காரணத்துக்காக எங்கள் ஓட்டு டேப்புக்கு. ஓட்டெடுப்பு வேண்டாம், கருத்துச் சொல்பவர்களில் பலர் அந்தக் கோப்பைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அதிகமாக நிரல் எழுதுபவர் ஒரே நாளில் முடிவெடுக்கட்டும்.

ஊத்தங்கரை வாசகர்: ஸ்பேஸ் போட்டால் கோப்பு பெரிதாகிவிடாதா?

ஆகும். 10,000 வரிகள், சராசரி இரண்டு அடுக்கு என்று வைத்துக்கொண்டால் டேப்பில் 20,000 பைட், 4 ஸ்பேஸில் 80,000 பைட். வித்தியாசம் 60 கிலோபைட். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் ஓரத்துக்குக்கூட வராது. நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவியான கிட் அதையும் சுருக்கித்தான் சேமிக்கிறது. விட்டுவிடுங்கள்.

பர்கூர், பொறியியல் மாணவர்: வெளிநாட்டுத் திட்டம் ஒன்றில் மூன்றே வரி திருத்தி அனுப்பினேன். 400 வரி மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் மற்ற வரிகளைத் தொடவே இல்லை!

நீங்கள் தொடவில்லை, உங்கள் எடிட்டர் தொட்டிருக்கிறது. சேமிக்கும்போதே கோப்பு முழுவதையும் ஒழுங்குபடுத்தும் அமைப்பு திறந்திருந்தால் டேப் எல்லாம் ஸ்பேஸாகும், வரிக்கடைசி வெற்றிடங்கள் போகும். மனிதக் கண்ணுக்கு ஒன்றும் மாறியிருக்காது. கிட்டுக்கு ஒவ்வொரு வரியும் புதிது.

அவர்கள் திருப்பி அனுப்பியது கோபத்தால் அல்ல. 400 வரிக்குள் உங்கள் மூன்று வரி எது என்று பரிசீலிப்பவரால் பார்க்க முடியாது. அதே கோப்பில் வேலை செய்யும் மற்றவர்களுக்கு, இணைக்கும்போது ஒரே வரிக்கு இரண்டு வடிவம் என்ற மெர்ஜ் மோதல் வரும். அந்த வரிகளை யார் எழுதினார் என்று பிறகு தேடினால் 400 வரிக்கும் உங்கள் பெயர்தான் வரும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். மாறிய வரிகளைக் காட்டும் ‘கிட் டிஃப்’ கட்டளையுடன் சிறிய ‘டபிள்யூ’ சேர்த்துத் தட்டினால் வெற்றிட மாற்றங்கள் மறைந்து மூன்று வரி மட்டும் வர வேண்டும். ‘இக்னோர் சிஆர் அட் இஓஎல்’ என்ற விருப்பத்தை மட்டும் கொடுத்தாலே மூன்று வரியாகச் சுருங்கினால் டேப், ஸ்பேஸ் மேல் குற்றமில்லை. விண்டோஸ் வரி முடிவில் இரண்டு எழுத்து போடும், லினக்ஸ் ஒன்று. அந்த வேறுபாடுதான் கோப்பு முழுவதும் பரவியிருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே மருந்து. கமிட் செய்துவிட்டிருந்தால், அதாவது மாற்றத்தைக் கிட் வரலாற்றில் பதிந்துவிட்டிருந்தால், ‘கிட் ரீசெட் ஹெட்~1’ கொடுத்து ஒரு படி பின்னால் வாருங்கள். மாற்றங்கள் கோப்பில் அப்படியே இருக்கும். ‘டபிள்யூ’ போட்ட டிஃப்பை, மாற்றங்களை மட்டும் கொண்ட ஒரு பேட்ச் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு மூலக் கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்பி, ‘கிட் அப்ளை’ கட்டளையை ‘இக்னோர் வைட்ஸ்பேஸ்’ விருப்பத்தோடு கொடுத்து அந்தப் பேட்சை ஏற்றுங்கள். சூழ்ந்துள்ள வரிகளின் வெற்றிடம் பொருந்தாவிட்டாலும் ஏற்றிவிடும். ஆனால் நீங்கள் சேர்த்த வரிகள் உங்கள் பாணி உள்தள்ளலிலேயே வந்திருக்கும். மூன்று வரிதானே, கையால் திருத்துங்கள். மறுபடி கமிட் செய்து, ‘ஃபோர்ஸ் வித் லீஸ்’ போட்டு அதே கிளைக்குத் தள்ளினால் பழைய கோரிக்கையே புதுப்பிக்கப்படும்; புதிதாக ஒன்று திறக்க வேண்டாம்.

அடுத்த முறை வராதிருக்க, சேமிக்கும்போது ஒழுங்குபடுத்தும் அமைப்பை அந்தத் திட்டத்தின் கோப்புறைக்கு மட்டும் அணையுங்கள். பொது அமைப்பில் கை வைத்தால் உங்கள் சொந்தத் திட்டங்கள் கெடும். கமிட் செய்யும் முன் மாறிய வரிகளின் எண்ணிக்கையை ‘கிட் டிஃப்’ உடன் ‘ஸ்டேட்’ சேர்த்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஐந்து விநாடி வேலை.

அரூர் வாசகர்: மேக்ஃபைலில் எட்டு ஸ்பேஸ் போட்டேன், ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்கிறது.

அங்கே டேப்தான் சட்டம். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், மேக்ஃபைலைப் படித்து நிரலைத் தொகுக்கும் ‘மேக்’ கருவியை எழுதியபோது, செய்யவேண்டிய கட்டளை வரி டேப்பில் தொடங்க வேண்டும் என்று வைத்தார். சில வாரங்களில் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய கோப்புகளைக் கெடுக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டார். அந்த டஜன் பேருக்காக இன்றைக்கும் நாம் அனுபவிக்கிறோம். டேப் விசையை ஸ்பேஸாக மாற்றும் எடிட்டர் வைத்திருந்தால், விம் எடிட்டரில் கன்ட்ரோல்-வி அழுத்திவிட்டு டேப் விசையைத் தட்டுங்கள், நிஜ டேப் விழும். அமைப்புகளை எழுதி வைக்கும் யாமல் கோப்பு நேர் எதிர்: உள்தள்ளலில் டேப் வந்தால் படிக்கவே மாட்டேன் என்னும். இரண்டும் ஒரே ரெப்போவில் அடுத்தடுத்து இருப்பது சகஜம்.

தேன்கனிக்கோட்டை வாசகி: விதியை முடிவு செய்துவிட்டோம். ஒவ்வொருவரும் ஒவ்வோர் எடிட்டர். எல்லோரையும் எப்படிக் கட்டுப்படுத்துவது?

ரெப்போவின் மேல் அடுக்கில் ‘.எடிட்டர்கான்ஃபிக்’ என்ற பெயரில் ஒரு கோப்பு வையுங்கள். முதல் வரி ‘ரூட் = ட்ரூ’; இதற்கு மேலுள்ள கோப்புறைகளில் தேடாதே என்று பொருள். அடுத்து சதுர அடைப்புக்குள் நட்சத்திரக் குறி, அதாவது எல்லாக் கோப்புக்கும். அதன்கீழ் ‘இண்டென்ட்_ஸ்டைல் = ஸ்பேஸ்’, ‘இண்டென்ட்_சைஸ் = 4’, ‘எண்ட்_ஆஃப்_லைன் = எல்எஃப்’, ‘இன்செர்ட்_ஃபைனல்_நியூலைன் = ட்ரூ’. பிறகு மேக்ஃபைலுக்குத் தனிப் பிரிவு போட்டு ‘இண்டென்ட்_ஸ்டைல் = டேப்’. யாமலுக்கு 2 ஸ்பேஸ்.

வரிக்கடைசி வெற்றிடத்தை நீக்கும் ‘ட்ரிம்_ட்ரெய்லிங்_வைட்ஸ்பேஸ்’ வரியை மட்டும் அவசரப்பட்டுப் போடாதீர்கள். உள்தள்ளல் விதி இனி தட்டுவதற்குத்தான் பொருந்தும். இதுவோ சேமிக்கும்போது பழைய வரிகளையும் தொடும். பர்கூர் மாணவரின் 400 வரிக் கதை உங்கள் வீட்டிலேயே நடக்கும். ரெப்போ முழுவதையும் ஒரு முறை துப்புரவு செய்தபின் போடுங்கள். அப்போதும், எளிய குறிகளால் வடிவமைக்கும் மார்க்டவுன் உரைக் கோப்புக்கு அதை அணைத்து வையுங்கள். அங்கே வரிக்கடைசி இரண்டு ஸ்பேஸ் என்றால் வரியை உடை என்று பொருள்.

நியோவிம் 0.9 முதல் இந்தக் கோப்பைத் தானே படிக்கும். இன்டெல்லிஜே குடும்பமும் அப்படித்தான். விஎஸ் கோடில் அதற்கான நீட்சியை நிறுவ வேண்டும். நிறுவ மறந்தவர் ஒருவராவது இருப்பார். ஆகவே இது மட்டும் போதாது, அனுப்பும் மாற்றங்களைத் தானே சோதிக்கும் சோதனைச் சேவையகத்திலும் ஒரு காவல் வேண்டும். அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

கிருஷ்ணகிரி வாசகர்: ஆறு வருடப் பழைய திட்டம், பாதி டேப், பாதி ஸ்பேஸ். மொத்தத்தையும் 4 ஸ்பேஸாக மாற்றப் போகிறோம். வரலாறு கெடாமல் செய்ய முடியுமா?

முடியும். வரிசை தப்பினால்தான் கெடும்.

திறந்து கிடக்கும் புல் ரெக்வஸ்ட்களை (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகளை) முதலில் முடியுங்கள்: ஏற்பதை ஏற்று, மூடுவதை மூடி. மாற்றும் நாளை முன்கூட்டியே அறிவியுங்கள். அடுத்து, தொடக்கூடாத கோப்புகளைப் பட்டியலிடுங்கள். மேக்ஃபைல், பிறர் எழுதி நீங்கள் அப்படியே வைத்திருக்கும் நூலகங்கள், பேட்ச் கோப்புகள், டேப்பால் பிரித்த தரவுக் கோப்புகள், சோதனைகள் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி வெளியீடுகள். எல்லோரும் மறப்பது ஷெல் ஸ்கிரிப்ட். அதில் இரண்டு ‘சிறியது’ குறியும் ஒரு கழித்தல் குறியும் போட்டுத் தொடங்கும் பல வரி உரை இருந்தால், ஷெல் அதன் முன்னால் உள்ள டேப்பை மட்டுமே கழிக்கும், ஸ்பேஸைக் கழிக்காது. மாற்றிவிட்டால் முடிவு வரியையே கண்டுபிடிக்க முடியாமல் ஸ்கிரிப்ட் கடைசிவரை உரை என்றே படித்துக்கொண்டு போகும்.

மாற்றத்தை ஒரே கமிட்டாகச் செய்யுங்கள். வெற்றிடம் தவிர ஒரு புள்ளிகூட அதில் மாறக்கூடாது. ‘போகிற போக்கில் இதையும் சரிசெய்தேன்’ என்பது இங்கே குற்றம். பிறகு சரிபார்ப்பு. ‘டபிள்யூ’ போட்ட டிஃப் வெறுமையாக வர வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்; மேற்கோளுக்குள் இருக்கும் வெற்றிடம் மாறினாலும் அது சொல்லாது. பைத்தானில் மூன்று மேற்கோள் போட்ட பல வரிச் சரத்தின் உள்ளே வரித் தொடக்க டேப் இருந்தால் அதுவும் ஸ்பேஸாகியிருக்கும். பிடிக்க வழி: நிரலின் இலக்கண அமைப்பை மரமாகத் தரும் ‘ஏஎஸ்டி’ தொகுதியைக் கொண்டு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நிரலின் மரத்தை அச்சிட்டு ஒப்பிடுங்கள். சரம் மாறியிருந்தால் மரமும் மாறியிருக்கும். கலப்பினால் ஏற்கெனவே ஓடாத கோப்பை இப்படி ஒப்பிட முடியாது, அதை வரிவரியாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். சி நிரல் என்றால் பிழைதிருத்தத் தகவல் இல்லாமல் இரண்டையும் தொகுத்து ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிடலாம்.

இப்போது வரலாறு. மாற்றம் முதன்மைக் கிளையில் சேர்ந்தபின், அந்தக் கமிட்டின் 40 இலக்க அடையாளத்தை ‘.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ என்ற கோப்பில் எழுதி, அடுத்த கமிட்டாகச் சேருங்கள். சேர்வதற்கு முன்பே எழுதி வைத்தால் ஏமாறுவீர்கள்; கமிட்டுகளை ஒன்றாக்கும் ஸ்குவாஷ் அல்லது அவற்றை மறுபடி அடுக்கும் ரீபேஸ் முறையில் இணைக்கும்போது அடையாளம் மாறிவிடும். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் பிரதியில் ‘கிட் கான்ஃபிக்’ மூலம் ‘பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்’ அமைப்பில் இந்தக் கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். அதன்பின் ‘கிட் பிளேம்’ உங்கள் துப்புரவுக் கமிட்டைத் தாண்டி, வரியை உண்மையில் எழுதியவரின் பெயரைக் காட்டும். 2019இல் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. கிட்ஹப் தளம் அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் தானே படித்துக்கொள்கிறது. கணினி முழுமைக்குமான பொது அமைப்பில் மட்டும் இதைப் போடாதீர்கள். அந்தக் கோப்பு இல்லாத மற்ற ரெப்போக்களில் ‘கிட் பிளேம்’ பிழை சொல்லி நின்றுவிடும்.

யாரிடமாவது பழைய கிளை மிஞ்சியிருக்கும். நேராக இணைத்தால் வரிக்கு வரி மோதல். அவர்களுக்கான வழி: துப்புரவுக் கமிட்டுக்கு ஒரு படி முந்தைய நிலையைத் தங்கள் கிளையில் முதலில் மெர்ஜ் செய்யட்டும். பின் அதே கருவியை, அதே அமைப்போடு, தங்கள் கிளையில் ஓட்டிக் கமிட் செய்யட்டும். மூன்றாவதாகத் துப்புரவுக் கமிட்டை ‘அவர்ஸ்’ உத்தியில் மெர்ஜ் செய்தால், ‘இது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது’ என்று கிட் ஏற்றுக்கொள்ளும். மீதியை வழக்கம்போல் இணைக்கலாம். எண்ணிக்கொள்ளுங்கள், துப்புரவுக் கமிட் ஒன்றுக்கு மட்டும்தான் ‘அவர்ஸ்’. அதற்குப் பிந்தைய கமிட்டுகளையும் அதிலேயே இழுத்தால் மற்றவர்களின் வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

கடைசியில் காவல். ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பில் பைத்தான் கோப்புகளுக்கு ‘வைட்ஸ்பேஸ்=டேப்-இன்-இண்டென்ட்’ என்று எழுதினால், முதன்மைக் கிளையோடு ஒப்பிட்டு ‘கிட் டிஃப்’ உடன் ‘செக்’ சேர்த்து ஓட்டும்போது டேப் நுழைந்த வரியைப் பெயர் சொல்லிக் காட்டும், பிழைக் குறியீட்டோடு முடியும். அதைச் சோதனைச் சேவையகத்தில் ஒரு படியாக வையுங்கள். பைத்தான் நிரலை ஒழுங்குபடுத்தும் ‘பிளாக்’ கருவி பயன்படுத்தினால் அதன் ‘செக்’ விருப்பமே போதும். ஆனால் அது உள்தள்ளலோடு நிற்காது, மேற்கோள் குறியையும் வரி உடைப்பையும் சேர்த்து மாற்றும். வரி நீளமும் அதன் இயல்பில் 88.

ராயக்கோட்டை வாசகர்: ஸ்பேஸ் போடுபவர்களுக்குச் சம்பளம் அதிகமாமே?

2017இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் கணக்கெடுப்பில் அப்படி வந்தது. அனுபவ ஆண்டுகள் போன்றவற்றைக் கழித்த பிறகும் 8.6 சதவீதம் கூடுதல் என்று கணக்கிட்டார்கள். இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதுதான் அதற்குப் பொருள், ஒன்று மற்றதைக் கொண்டுவருகிறது என்பதல்ல. சம்பள உயர்வு கேட்கப் போகும்போது எடிட்டர் அமைப்பை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

காவேரிப்பட்டணம் வாசகர்: இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த நிரலில் டேப்பும் இல்லை, எல்லாம் ஸ்பேஸ்தான். ஆனாலும் ‘யூ+00ஏ0’ என்று பைத்தான் எதையோ திட்டுகிறது.

அது மூன்றாவது ஆள்: வரி உடையாத ஸ்பேஸ். பக்கத்தின் அழகுக்காகப் போடுவது, நகலெடுக்கும்போது கூடவே வந்துவிடும். முன் சொன்ன ‘கேட்’ கட்டளையில் அது ‘எம்-பிஎம்-’ என்று தெரியும், ஏனெனில் எழுத்தைப் பைட்டாக்கும் முறையான யூடிஎஃப்-8இல் அது இரண்டு பைட். எடிட்டரின் தேடி மாற்றும் பெட்டியில் அந்த ஒரு எழுத்தையே நகலெடுத்துப் போட்டு, சாதாரண ஸ்பேஸாக மொத்தமாக மாற்றுங்கள். ஒரு இடத்தில் இருந்தால் பத்து இடத்தில் இருக்கும்.

பென்னாகரம் ஆசிரியை: மாணவர்களுக்காக நிரலில் ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் தமிழில் குறிப்பு எழுதி, குறிப்புகளையும் அவற்றை அடுத்த நெடுக்குக் கோட்டையும் நேராக அடுக்குகிறோம். டேப், ஸ்பேஸ் இரண்டிலும் கோடு வளைந்துதான் நிற்கிறது.

எதைப் போட்டாலும் வளையும். ‘கிருஷ்ணகிரி’ என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் 11 குறிகள். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் வீதம் 33 பைட். எடிட்டர் ஒரு கணக்கு, முனையம் ஒரு கணக்கு, நீளம் அளக்கும் கருவி ஒரு கணக்கு எடுக்கும். போதாக்குறைக்கு ‘ர’வும் ‘ஊ’வும் ஒரே அகலத்தில் அடங்குவதில்லை. எண்ணிச் சொல்லும் ‘டபிள்யூசி’ கட்டளையில் ‘-எம்’ போட்டால் 11, ‘-சி’ போட்டால் 33 வருவதை மாணவர்களுக்கே காட்டலாம். ‘எக்கோ’ மூலம் கொடுத்தால் வரி முடிவையும் சேர்த்து 12, 34 என்று வரும், ‘பிரின்ட்எஃப்’ பயன்படுத்துங்கள்.

குறிப்பை வலப்பக்கம் வைக்காமல், அந்த வரிக்கு மேலே தனி வரியாக, அதே உள்தள்ளலில் எழுதுங்கள். அட்டவணை வேண்டுமென்றால் மார்க்டவுன் அட்டவணையாகப் போட்டுவிட்டால் உலாவி நேர்ப்படுத்தும். வரி நீளத்துக்கு 80 என்று வரம்பு வைத்திருந்தால் தமிழ்க் குறிப்பு வரிகளுக்கு விலக்குக் கொடுங்கள். பைட் எண்ணும் கருவி என்றால் 27ஆவது குறியிலேயே எச்சரிக்கை வந்துவிடும்.

தமிழ்ச் சரங்களை ஒப்பிடும் நிரல் எழுதுகிறீர்கள் என்றால் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். ‘கொ’ என்பதன் கொம்பையும் காலையும் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகப் போடும், சில இரண்டு குறியாகப் போடும். பார்க்க ஒன்றே, ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியில் ‘நார்மலைஸ்’ செயற்கூற்றுக்கு ‘என்எஃப்சி’ என்று கொடுத்து இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.